நிழல் தோட்டத்துக்கு விதை போடும்போது நடக்கும் தவறுகள்

புதுச்சேரி, கடலூர் வீடுகளில் மாமரத்தடியிலும் மதில் ஓரத்திலும் வெயில் படாத இடம் சும்மா கிடக்கிறது. அங்கே பூச்செடி வைக்க ஆசைப்பட்டு, படத்தைப் பார்த்து பிரிம்ரோஸ் என்ற குளிர்நாட்டுப் பூச்செடியின் விதையை வாங்குகிறவர்கள் உண்டு. தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. அந்த விதை நன்றாக முளைக்க 15 முதல் 18 டிகிரி வரை குளிர்ச்சி வேண்டும். நம் ஊரில் மார்கழி இரவிலேயே சுமார் 20 டிகிரிக்குத்தான் இறங்கும். ஊட்டியில் வீடு இருந்தால் போடுங்கள். கடலோரத்துக்கு வண்ண இலைக்காக வளர்க்கும் கோலியஸும், நிழலில் பூக்கும் இம்பேஷன்ஸும்தான் சரி.

விதையைப் புதைப்பதுதான் அதிகம் பார்க்கும் தவறு. நிழல் செடிதானே என்று நினைத்து மண்ணைப் போட்டு மூடி, இருட்டு மூலையில் வைத்துவிடுகிறார்கள். செடிக்குத்தான் நிழல் பிடிக்கும். விதை முளைக்க வெளிச்சம் வேண்டும். பிரிம்ரோஸுக்கும் இதே கதைதான். கோலியஸ் விதை கசகசா அளவே இருக்கும். ஒரு விரற்கடை மண்ணை முட்டிக்கொண்டு வர அதற்குத் தெம்பு கிடையாது. தட்டில் நிரப்பிய ஈரமான மண் கலவையின் மேல் பரவலாகத் தூவி, உள்ளங்கையால் லேசாக அழுத்தினால் போதும். மேலே பிளாஸ்டிக் தாளை மூடி, நேர் வெயில் படாத, வெளிச்சமான தாழ்வாரத்தில் வையுங்கள்.

முளை தெரிந்ததும் தாளை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் முந்தின நாள் நிமிர்ந்து நின்ற நாற்று, காலையில் அடித்தண்டு நூலாய்ச் சுருங்கிச் சாய்ந்து கிடக்கும். இது நாற்றழுகல். பூஞ்சையால் வருவது, சாய்ந்த நாற்று பிழைக்காது. நெருக்கமாக விதைப்பதும், மேலிருந்து தண்ணீர் கொட்டுவதும் இதை இழுத்து வரும். விதைத் தட்டை, ஆழமில்லாத தாம்பாளத் தண்ணீரில் வைத்து, மேல் மண் நிறம் மாறியதும் எடுத்துவிடுங்கள்.

அப்புறம் உப்பு. இதைப் பலர் கவனிப்பதே இல்லை. கடலை ஒட்டிய பகுதிகளில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பாக இருக்கிறது. தேங்காய் நார்த்தூளிலும் உப்பு இருக்கும். நார்த்தூளை நல்ல தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, இரண்டு மூன்று முறை அலசிய பிறகே கலவையில் சேர்க்க வேண்டும். இலை ஓரம் பழுப்பாகக் கருகி, மண் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தால் உரம் போடாதீர்கள்; தண்ணீரை மாற்றுங்கள். பிடித்து வைத்த மழைத் தண்ணீர்தான் நாற்றுக்கு உத்தமம்.

பருவமும் முக்கியம். சித்திரையில் விதைப்பது வீண். புரட்டாசிக் கடைசியில், கூரைக்குக் கீழே விதைத்தால் ஐப்பசி, கார்த்திகை மழை தட்டைக் கலைக்காது. தை மாதம் பூ பார்க்கலாம்.

நாற்றைப் பிடுங்கி நடும்போது தண்டைப் பிடிக்கக் கூடாது. இலையைப் பிடித்துத் தூக்குங்கள். இலை போனால் வேறு துளிர்க்கும், நசுங்கிய தண்டு தேறாது.