துப்பாக்கிப் பெட்டியை நகர்த்த நாலு பைப் போதும்

கேரளாவின் குமுளியில் மாமாவின் ஏலத்தோட்ட வீட்டில் துப்பாக்கி வைக்கிற இரும்பு லாக்கர் ஒன்று. முன்னூறு கிலோ இருக்கும். அதைக் கம்பத்துக்கு இறக்கியபோது பட்டுத் தெரிந்துகொண்டது இது.

முதலில் துப்பாக்கியையும் தோட்டாக்களையும் வெளியே எடுத்து உரிமக்காரரே வைத்துக்கொள்ள வேண்டும். சுமைக்காரர் கையில் கொடுக்கவே கூடாது. அடுத்து, உள்ளே டார்ச் அடித்து, தரையோடு போல்ட் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். நாங்கள் பார்க்கவில்லை. அரை மணி நேரம் நாலு பேர் தள்ளியும் அசையவில்லை. அப்புறம்தான் மாமா, "அட, போல்ட் போட்டிருக்குல்ல!" என்றார்.

கதவுதான் கனம். பாதி வழியில் திறந்துகொண்டால் பெட்டி முன்பக்கம் கவிழும். பூட்டிவிட்டு, சுற்றிக் கயிறும் கட்டுங்கள்.

ஒன்றரை இஞ்ச் ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) நாலு துண்டு வேண்டும். கடப்பாரைக்கு அடியில் மரக்கட்டை முட்டுக்கொடுத்து நெம்பி, மூன்றை அடியில் செருகுங்கள். தள்ளத் தள்ளப் பின்னால் வெளிவரும் பைப்பை முன்னால் போட்டுக்கொண்டே போகலாம். டைல்ஸ் தரையென்றால் பிளைவுட் விரிக்காமல் ஆரம்பிக்காதீர்கள். படியில் இறக்கும்போது பெட்டிக்குக் கீழே யாரும் நிற்கவே கூடாது. மேலிருந்து கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு இறக்க வேண்டும்.

கேரளப் பக்கம் ஏற்றுக்கூலியை முன்பே பேசிவிடுங்கள். வேலை செய்யாமல் பார்த்து நின்றதற்குக் கேட்கும் நோக்குகூலிக்கு அங்கே 2018 மே 1 முதல் தடை இருக்கிறது.