போக்கரில் தொடர் தோல்வி: கடைசியில் கைகொடுத்தது ஒரு டிக் பெட்டி

ஆன்லைன் போக்கர் ஆரம்பித்த புதிதில் அடிமேல் அடி. எவ்வளவு போனது என்பது கணக்கில் மீதியைப் பார்க்கும்போதுதான் தெரியும். மேசையில் இருக்கும்போது உறைக்காது.

சீட்டைக் கலைப்பதில் ஏதோ தில்லுமுல்லு என்று வேறு தளத்துக்கு மாறினேன். அங்கேயும் அதே கதை. (ஜோடி கிங்குக்கு எதிராக அதைவிட வலுவான ஜோடி ஏஸ் வைத்து ஆல்-இன் (கையிலுள்ள சிப்ஸ் முழுவதையும் பந்தயம் கட்டுவது) போனாலே 100-க்கு சுமார் 18 தடவை தோற்கும். யாரைத் திட்டுவது?) அப்புறம் நல்ல சீட்டு வந்தால் மட்டும் ஆடினேன், பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே முறை வைத்துக் கட்டாயம் கட்ட வேண்டிய பணம்) கரைந்ததுதான் மிச்சம்.

பிறகு ஆட்டப் பதிவுகளை நேர வரிசையில் அடுக்கிப் பார்த்தேன். முதல் பை-இன் (மேசையில் உட்கார வாங்கும் சிப்ஸ் தொகை) போகும்வரை ஆட்டம் ஒழுங்கு. பெரிய இழப்பெல்லாம் அதற்குப் பிறகு, அதுவும் ஸ்மால் பிளைண்டில் (இரண்டு பிளைண்டில் சிறியதைக் கட்டும் இடம்) உட்கார்ந்து சும்மா கால் செய்த (பந்தயத்தை ஏற்றாமல் ஈடு மட்டும் கட்டிய) சுற்றுகளில். செட்டிங்ஸில் 'ஆட்டோ ரீபை' டிக் ஆகியிருந்தது. தோற்றதுமே சிப்ஸ் தானாக வாங்கப்பட்டு 100 பிக் பிளைண்டுக்கு (பெரிய பிளைண்டைப் போல 100 மடங்கு) நிரம்பிவிடும்; திரையில் எதுவுமே போகாத மாதிரி இருக்கும்.

டிக்கை எடுத்துவிட்டேன். இப்போது சிப்ஸ் தீர்ந்தால் ஆட்டம் நின்று, மறுபடி வாங்கவா என்று கேட்கிறது. இரண்டாவது முறை கேட்டதும் எழுந்துவிடுகிறேன். தோற்பது நிற்கவில்லை, ஆனால் ஒரு நாள் இழப்பு இரண்டு பை-இன்னைத் தாண்டுவதில்லை. அப்பாடா! ஆப்பை அப்டேட் செய்தால் அந்த டிக் திரும்ப வந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.