ஊருக்கு வருகிறீர்களா? மருந்துச் சீட்டையும் எடுத்து வாருங்கள்

ஆனித் தேரோட்டம், குற்றாலச் சாரல், வெளிநாட்டுப் பள்ளிகளின் விடுமுறை எல்லாம் ஒன்றை ஒன்று ஒட்டி வருவதால் ஜூன், ஜூலையில் எங்கள் கிளினிக் பெஞ்சில் புது முகங்கள் நிறைய. பாளையங்கோட்டையில் அப்பா தொடங்கிய கிளினிக் இது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் தண்ணீரையும் கொசுவையும் நினைத்துத்தான் பயந்துகொண்டு வருகிறார்கள். நான் பார்த்தவரையில், அவர்களைப் பெரிதாக மாட்டிவிடுவது வேறு: மருந்தின் பெயரும் அளவும் ஊருக்கு ஊர் மாறுவது.

ஒரு தடவை கனடாவிலிருந்து வந்த ஒரு அத்தை, விடியற்காலையில் தன் மீட்டரில் சர்க்கரை பார்த்துவிட்டு, "ஒம்பது இருக்கு" என்று சொல்லியிருக்கிறார். அண்ணன் வீடே பதறிவிட்டது. "ஒம்பதா? எழுவதுக்குக் கீழ போனாலே மயக்கம் வருமே!" மதினி சீனித்தண்ணீர் கலக்க, மருமகன் அல்வாப் பொட்டலத்தைப் பிரிக்க, அத்தை வேண்டாம் என்று சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. என்னிடம் கூட்டி வந்தபோது சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது.

விஷயம் இதுதான். இங்கே சர்க்கரையை மில்லிகிராமில் சொல்கிறோம். பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா மீட்டர்கள் மில்லிமோலில் காட்டும். அந்த எண்ணை 18ஆல் பெருக்கினால் நம் கணக்கு வரும். அத்தையின் 9 என்பது 162. பயப்பட ஒன்றுமில்லை. அங்கே 4க்குக் கீழே போனால்தான் இங்கே எழுபதுக்குக் கீழே போன கதை. வந்த அன்றே வீட்டில் ஒருவருக்காவது இதைச் சொல்லி வையுங்கள்.

இன்சுலினில் இதைவிடப் பெரிய ஆபத்து உண்டு. இங்கே மருந்துக் கடையில் கிடைக்கும் இன்சுலின் குப்பிகள் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். நீங்கள் கொண்டுவருவது 100 யூனிட். சிரிஞ்சும் அதற்கேற்ப இரண்டு வகை. கொண்டுவந்த ஊசி தீர்ந்துபோய், 100 யூனிட் மருந்தை இங்கே வாங்கிய 40 சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். இரண்டரை மடங்கு! நேர்மாறாகச் செய்தால் மருந்து போதாமல் சர்க்கரை ஏறும். பேனா வகை என்றால் இந்தக் குழப்பம் குறைவு. எப்படியானாலும் தங்கும் நாட்களுக்கு மேலே இரண்டு வாரத்துக்கு மருந்தும் ஊசியும் கைப்பையில் இருக்கட்டும், சரக்குப் பெட்டியில் வேண்டாம். தோட்டத்து வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லையா? மணல் பரப்பி ஈரமாக வைத்த மண்பானைக்குள், தண்ணீர் படாதபடி டப்பாவில் வையுங்கள். ஃப்ரீஸரில் மட்டும் வைத்துவிடாதீர்கள், உறைந்த இன்சுலின் குப்பைக்குத்தான்.

மாத்திரைக்கும் அதே கதை. அட்டையில் பெரிதாக இருக்கும் கம்பெனிப் பெயர் இங்கே யாருக்கும் தெரியாது. கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரை, அம்லோடிபின் 5, மெட்ஃபார்மின் 500 என்று அளவோடு எழுதி வாருங்கள். அமெரிக்காவில் டைலனால், அசிட்டமினோஃபென் என்பதெல்லாம் நம் பாரசிட்டமால்தான். ஆனால் டோலோ 650 என்று ஊரே கையில் வைத்திருப்பதில் 650 மில்லிகிராம் இருக்கிறது, உங்களுடையதில் பெரும்பாலும் 500 அல்லது அதற்கும் குறைவு. சளி மாத்திரையிலும் அதுவே கலந்திருக்கும். பெரியவர்களுக்கு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. ஈரல் கோளாறு உள்ளவர்களுக்கு அதைவிடக் குறைவு.

வயிறு கெட்டால் உடனே ஆன்டிபயாடிக் வாங்கப் போகாதீர்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் போதும். ஒரு லிட்டருக்கானதா, 200 மில்லிக்கானதா என்று அட்டையைப் பார்த்துக் கரையுங்கள். பக்கத்திலேயே அடுக்கியிருக்கும் பழரசப் பெட்டிகள் அதற்கு மாற்று இல்லை. "டாக்டர், ஒரு குளுக்கோஸ் ஏத்திவிடுங்க" என்று ஆச்சிகள் என்னிடம் சண்டையே போடுவார்கள். வாய்வழியாகக் குடிக்க முடிகிறவருக்கு அந்தப் பாட்டில் புதிதாக எதையும் செய்துவிடாது. மலத்தில் ரத்தம், நிற்காத வாந்தி, சிறுநீர் குறைவது என்றால் தாமதிக்காதீர்கள்.

காய்ச்சலுக்கு பாரசிட்டமால் மட்டும். ஐபுப்ரொஃபன், ஆஸ்பிரின் எதையும் நீங்களாகப் போடாதீர்கள். டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு கூடும். (இதயத்துக்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.) டெங்கு கொசு பகலில் கடிப்பது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வருகிறவர்கள் பகலிலும் முழுக்கை போடுவது நல்லது. காய்ச்சல் தொடங்கிய மூன்றாவது, நான்காவது நாளில் அது இறங்கியதும் "சரியாயிட்டு" என்று கல்யாணத்துக்குக் கிளம்புகிறவர்கள்தான் எனக்குக் கவலை. வயிற்றுவலி, தொடர்ந்த வாந்தி, ஈறில் ரத்தம், அசதி எல்லாம் அப்போதுதான் தலைகாட்டும். நிலவேம்புக் குடிநீர் குடித்தால் குடியுங்கள், ரத்தப் பரிசோதனையையும் செய்துகொள்ளுங்கள்.

தெருநாயைத் தடவப் போகும் பிள்ளைகளைக் கொஞ்சம் கவனியுங்கள். பல் பட்டாலோ நகம் கீறினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, மஞ்சளும் மிளகாய்ப்பொடியும் அப்பாமல், உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தடுப்பூசி அங்கே இலவசம். அட்டையில் குறித்துத் தரும் நாட்களில் ஒன்றைக்கூட விடாதீர்கள். மீதி ஊசியை வெளிநாடு திரும்பிப் போட வேண்டியிருந்தால் அந்த அட்டையையும் கொண்டுபோங்கள்.

வயல் பக்கம் ராத்திரி போனால் டார்ச்சும் செருப்பும். பாம்பு கடித்தால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடித்த காலை அசைக்காமல் 108 ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்கு (பாளையங்கோட்டை அரசு மருத்துவமனை) வந்துவிடுங்கள்.

திரும்பிப் போன சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், அங்குள்ள டாக்டரிடம் முதலிலேயே இந்தியாவுக்குப் போய்வந்ததைச் சொல்லுங்கள். அவர் டெங்கு, டைஃபாய்டு, மலேரியா என்று தேடுவதற்கு அந்த ஒரு வரி வேண்டும்.