சிங்க்ரோட்ரனுக்கு மண் அனுப்பும் முன்: யாழ்ப்பாணத்திலேயே நடந்துவிடும் தவறுகள்

இலங்கையில் சிங்க்ரோட்ரன், அதாவது இலத்திரன்களை வட்டத்தில் வேகமாகச் சுழற்றிப் பலமான எக்ஸ் கதிர் எடுக்கும் ஆர்முடுக்கி, இல்லை. எங்கள் மண்ணில் என்ன மூலகம் எந்த வடிவில் இருக்கிறது என்று அந்த எக்ஸ் கதிரில் பார்க்க வேண்டுமென்றால் இந்தூரில் உள்ள இன்டஸ்-2, தாய்லாந்தின் நக்கோன் ராட்சசீமாவில் உள்ள நிலையம், ஜோர்தானின் செசாமே என்று எங்காவது விண்ணப்பித்து நேரம் வாங்க வேண்டும். கிடைக்கும் நேரம் கொஞ்சம். அதற்குள் பிழையாகிப்போவது பெரும்பாலும் ஆர்முடுக்கி அல்ல, இங்கிருந்து கொண்டுபோன மாதிரிதான்.

அரைப்பதில் தொடங்குவோம். கிரைண்டரில் ஒருக்கா அடித்தால் தூளாகிவிடும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். தூளாகும்தான். கூடவே உருக்கு பிளேட்டிலிருந்து இரும்பும் குரோமியமும் தேய்ந்து கலந்துவிடும். மண்ணில் உள்ள மணல் உருக்கை நன்றாகவே தேய்க்கும். குரோமியம் தேடுகிற ஆள் கடைசியில் பிளேட்டைப் பற்றித்தான் ஆய்வுக் கட்டுரை எழுத நேரும். அகேட் கல்லில் செய்த சின்ன உரலில் கையால் அரையுங்கள். அரிப்பதற்கும் பித்தளைச் சல்லடை வேண்டாம், அதில் செம்பும் நாகமும் இருக்கின்றன. நைலோன் போதும்.

அடுத்தது உலர்த்துவது. மாரியில் நீர் தேங்கி நிற்கும் வயலின் சேற்றில் ஒட்சிசன் குறைவு. அதனால் இரும்பில் ஒரு பங்கு, ஒட்சியேற்றம் குறைந்த இரும்பு(II) ஆக இருக்கும். அதை முற்றத்தில் தாளில் பரப்பிக் காயவைத்தால் மாலைக்குள் நிறமே மாறிவிடும், ஒட்சியேறி இரும்பு(III) ஆகிவிடும். ஒரு மூலகம் எக்ஸ் கதிரைத் திடீரெனக் கூடுதலாக உறிஞ்சத் தொடங்கும் சக்திதான் அதன் உறிஞ்சல் விளிம்பு. இரண்டுக்கும் அதில் உள்ள வித்தியாசம் சில இலத்திரன்வோல்ட்டுதான் (கதிரின் சக்தியை அளக்கும் அலகு). அதைப் பிரித்துக் காட்டத்தான் அவ்வளவு பெரிய இயந்திரம். வெயில் செய்ததைப் போய் அங்கே அளப்பதில் என்ன பயன்? சேற்றை எடுத்த இடத்திலேயே காற்றுப் புகாமல் அடைத்து, குளிரில் உறையவைத்து அனுப்ப வேண்டும்.

தடிப்பையும் கவனிக்க வேண்டும். கதிரை ஊடுருவவிட்டு அளக்கும்போது தூய இரும்பு ஒட்சைட்டின் சில மைக்ரோன் படையே கதிரில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். போரன் நைத்திரைட்டு அல்லது செலுலோசுத் தூளுடன் கலந்து ஐதாக்கி வில்லையாக அழுத்துங்கள். தேநீரில் சீனி கரையாமல் அடியில் கிடப்பதுபோல ஒரு பக்கம் கட்டியாக நின்றால் அந்த வில்லையால் பயனில்லை.

கதிர்க் கற்றை கிடைத்த பிறகு செய்யும் தவறுகளில் எனக்கு முக்கியமாகப் படுவது ஆர்சனிக்–ஈயக் குழப்பம். கதிர் பட்டதும் ஒவ்வொரு மூலகமும் தனக்கே உரிய சக்திகளில் எக்ஸ் கதிரை வெளிவிடும்; அவற்றைக் கோடுகள் என்போம். ஆர்சனிக்கின் கே-ஆல்பா என்ற கோடு 10.54 கிலோ இலத்திரன்வோல்ட்டில் வரும். ஈயத்தின் எல்-ஆல்பா கோடு 10.55இல் வரும். வழமையான சிலிக்கன் உணரிக்கு இரண்டும் ஒரே மேடுதான். பழைய ஈயப் பற்றரி உடைத்த இடத்து மண்ணை வைத்துவிட்டு அந்த மேட்டைப் பார்த்து “ஆர்சனிக் இருக்கு” என்று எழுதினால், ஊரே கிணற்றை மூடிவிடும். சாதாரண எக்ஸ் கதிர்க் கருவியில் இதிலிருந்து தப்புவது கஷ்டம். சிங்க்ரோட்ரனிலோ சக்தியை விரும்பியபடி வைக்கலாம்; கதிரின் சக்தி மூலகத்தின் விளிம்பைத் தாண்டினால்தான் அந்தக் கோடு வரும். ஆர்சனிக்கின் அந்த விளிம்பு (கே விளிம்பு) 11.867 கிலோ இலத்திரன்வோல்ட். ஈயத்தினுடையது (எல்3 விளிம்பு) 13.035. நடுவில், 12.5இல் கதிரை வைத்தால் ஆர்சனிக் மட்டும் ஒளிரும், ஈயம் பேசாமல் இருக்கும். பிறகு 13.035ஐத் தாண்டிப் போனால் ஈயமும் சேர்ந்துகொள்ளும். இந்த வசதிக்காகத்தான் அங்கே போகிறோம்; போய்விட்டு ஒரே சக்தியில் எல்லாவற்றையும் ஓட்டிவிட்டு வருவது வீண்.

இரும்புத் தகடு ஒன்றை அளந்து விளிம்பை 7112 இலத்திரன்வோல்ட்டில் சரிபார்க்காமல் தொடங்க வேண்டாம். ஒரே புள்ளியில் மணிக்கணக்காகக் கதிரை அடித்துக்கொண்டும் இருக்க வேண்டாம். கதிரே மூலகத்தின் ஒட்சியேற்ற நிலையை மாற்றிவிடும். சேதனப் பொருளோடு இருக்கும் செம்பு(II) இதற்குப் பேர்போனது. முதல் ஓட்டத்தையும் கடைசி ஓட்டத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். விலகியிருந்தால் புள்ளியை மாற்றுங்கள்.

மாதிரி கதிரியக்கமாகித் திரும்பி வருமோ என்று வீட்டில் பயப்படுவார்கள். இந்தச் சக்தியில் உள்ள எக்ஸ் கதிர் எதையும் கதிரியக்கமாக்காது. உண்மையான தொல்லை சுங்கத்தில்தான். வெளிநாட்டு மண்ணை அநேகமான நாடுகள் கிருமி, பூச்சிப் பயத்தால் தடுத்துவைக்கும். அனுமதிக் கடிதம் வேண்டுமா, சூடாக்கிக் கிருமிநீக்கச் சொல்வார்களா என்று கற்றைநேரம் உறுதியான அன்றே கேட்டுவிடுங்கள். சூடாக்கச் சொன்னால் உறையவைத்த சேற்றை அனுப்ப முடியாது, ஆய்வுத் திட்டத்தையே மாற்ற வேண்டிவரும்.