கனடாவில் முதல் வீடு: வரிச்சலுகைகளை வரிசையாகக் கேட்டு வாங்குவது எப்படி?

கனடாவில் முதல் வீடு வாங்குகிறவருக்குச் சில வரிச்சலுகைகள் உண்டு. எதுவும் தானாக வீடு தேடி வராது, உரிய நேரத்தில் நாம்தான் கேட்க வேண்டும். ஒன்டாரியோவில் வாங்குகிறவர்களுக்காக, செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

படி 1: தகுதியைப் பாருங்கள்

மத்திய அரசின் சலுகைகளுக்கான (படி 2, 3, 5) விதி கொஞ்சம் தாராளமானது. வாங்கும் ஆண்டிலும் அதற்கு முந்தைய 4 ஆண்டுகளிலும், உங்களுக்கோ உங்கள் துணைக்கோ சொந்தமான வேறு வீட்டில் நீங்கள் குடியிருந்திருக்கக் கூடாது. எப்போதோ வீடு வைத்திருந்து விற்றவர்கூட மறுபடி தகுதி பெறலாம்.

வீடோ நிலமோ கைமாறும்போது மாகாணம் வாங்கும் நில மாற்று வரியில் ஒன்டாரியோ தரும் சலுகை கறாரானது. உலகத்தில் எங்கேயும், எப்போதும், உங்கள் பெயரில் வீடோ வீட்டில் ஒரு பங்கோ இருந்திருக்கக் கூடாது. நம்மவர்கள் நன்றாகக் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். யாழ்ப்பாணத்தில் சீதனமாக எழுதிக் கொடுத்த வீடு, அப்பா காலமான பிறகு சகோதரர்களோடு சேர்ந்து வந்த பங்கு, சென்னையில் வாங்கி வாடகைக்கு விட்ட ஃபிளாட் எல்லாமே கணக்கில் வரும். மனைவி பெயரில் இருந்த வீடு கல்யாணத்துக்குப் பிறகும் அவரிடமே இருந்திருந்தால், இருவருக்குமே சலுகை இல்லை. கல்யாணத்துக்கு முன்பே அதை விற்றிருந்தால் கணவர் மட்டும் கேட்கலாம். அதனால் ஊரில் இருக்கும் உறுதிப் பத்திரத்தில் யார் யார் பெயர் இருக்கிறது என்று விசாரித்து, லோயரிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.

படி 2: எஃப்எச்எஸ்ஏ (FHSA, முதல் வீட்டுச் சேமிப்பு) கணக்கைத் திறங்கள்

வீடு வாங்க இன்னும் காலம் இருக்கிறது என்றாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள். 2023 ஏப்ரலில் வந்த இந்தக் கணக்கில் ஆண்டுக்கு 8,000 டாலர், மொத்தம் 40,000 டாலர் வரை போடலாம். போட்ட தொகை உங்கள் வரிக்குரிய வருமானத்திலிருந்து கழியும். விதிப்படி வீட்டுக்காக எடுக்கும்போது லாபத்துக்கும் வரி இல்லை.

கணக்கைத் திறந்த ஆண்டிலிருந்துதான் வரம்பு சேரத் தொடங்கும். கையில் காசு இல்லாவிட்டாலும் இந்த ஆண்டே திறந்து வைத்தால், அடுத்த ஆண்டு 16,000 வரை போடலாம். கணவன், மனைவி ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். கடைசி நாள் டிசம்பர் 31. ஆர்ஆர்எஸ்பி (RRSP) என்ற ஓய்வுகாலச் சேமிப்புக் கணக்கு போல மார்ச் வரை நேரம் கிடையாது.

பணம் எடுக்க ஆர்சி725 படிவம் வேண்டும். அதற்கு முன் வீடு வாங்கும் ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்க வேண்டும்.

படி 3: தேவைப்பட்டால் ஆர்ஆர்எஸ்பி

2024 ஏப்ரல் 16-க்குப் பிறகு ஒருவர் இதிலிருந்து வீட்டுக்காக 60,000 டாலர் வரை வரியில்லாமல் எடுக்கலாம். ஆனால் அந்தப் பணம் கணக்கில் 90 நாளாவது இருந்திருக்க வேண்டும், எடுத்ததை 15 ஆண்டுகளில் திருப்பிப் போடவும் வேண்டும். எஃப்எச்எஸ்ஏ-யில் எடுத்ததைத் திருப்பிப் போட வேண்டியதில்லை. ஆகவே அதை முதலில் நிரப்புவதே நல்லது என்பது என் கருத்து.

படி 4: வீடு பதிவாகும் நாள்

நில மாற்று வரியில் ஒன்டாரியோ 4,000 டாலர் வரை விட்டுக்கொடுக்கிறது. டொரோன்டோ நகரத்துக்குள் வாங்கினால் நகர வரியிலும் 4,475 டாலர் வரை குறையும். ஸ்கார்பரோ இதில் சேரும். மார்க்கமும் ஏஜாக்ஸும் சேராது, அங்கே அந்த நகர வரியே இல்லை. நீங்கள் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ பெற்றவராக இருக்க வேண்டும், 9 மாதத்துக்குள் குடிபோகவும் வேண்டும். பதிவின்போதே லோயர் இதைக் கழித்துவிடுவார். கணக்கை முடிக்கும் முன் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

படி 5: வருமான வரிக் கணக்கு

வீடு வாங்கிய ஆண்டுக்கான கணக்கில் 31270 என்று எண் போட்ட இடத்தில் (line 31270) 10,000 என்று போடுங்கள். 10,000 டாலர் கைக்கு வரும் என்று எண்ண வேண்டாம். 2022 முதல் 2024 வரை அதில் 15 சதவீதம், அதாவது 1,500 டாலர் வரை வரி குறைந்தது. 2025-க்கு 14.5 சதவீதம். கட்ட வேண்டிய வரி இருந்தால்தான் இதனால் பயன். அதனால் தம்பதியில் வரி அதிகம் கட்டுகிறவர் எடுத்துக்கொள்ளலாம், இருவரும் பிரித்தும் கொள்ளலாம். இருவருக்கும் சேர்த்து 10,000-க்கு மேல் போகக் கூடாது.

சில ஆண்டுகளுக்கு முன்பே வாங்கி, இந்த இடத்தை நிரப்பாமல் விட்டவரா நீங்கள்? 10 ஆண்டுகள் வரை பின்னோக்கிப் போய், கனடா வருமான வரித்துறையின் இணையக் கணக்கு வழியாகவே பழைய கணக்கைத் திருத்தக் கேட்கலாம்.