பட்டிக்குள் பறப்பது கொசு அல்ல

வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் தமிழகச் செம்மறி மந்தைகளில் நீலநாக்கு நோய் தலைகாட்டும். காய்ச்சல், மூக்கொழுகல், உதடும் முகமும் வீக்கம், நொண்டல். நாக்கு நீலமாவது சில ஆடுகளுக்குத்தான். அதைப் பார்த்தபின் டாக்டரைக் கூப்பிடலாம் என்றிருந்தால் மந்தையில் பாதி படுத்துவிடும். வாய்ப்புண்ணைப் பார்த்துக் கோமாரி என்று முடிவு கட்டுகிறவர்களும் உண்டு.

பரப்புவது கியூலிகாய்ட்ஸ் என்ற கடிபூச்சி. 1944இல் தென்னாப்பிரிக்காவில் டு டாய்ட் என்ற ஆய்வாளர் இதை உறுதிசெய்தார். நீளம் 1 முதல் 3 மில்லிமீட்டர். சாதாரணக் கொசுவலைக் கண்ணுக்குள் தாராளமாக நுழையும்.

பெரிய தவறு, கொசுவை ஒழிப்பதுபோல இதை ஒழிக்கப் பார்ப்பது. தேங்கிய தண்ணீரில் மருந்து ஊற்றுவார்கள், பட்டியைச் சுற்றிப் புகையடிப்பார்கள். இந்தப் பூச்சியின் புழு இருப்பதோ சேற்றுக்குள். சாணமும் மூத்திரமும் கலந்த ஈரமண், தண்ணீர்த் தொட்டி வழிந்து நனைந்த ஓரம், குப்பைக் குழியின் கசிவு, இவையெல்லாம் அதற்குத் தோதான இடங்கள். காற்றில் அடிக்கும் மருந்து அங்கே போய்ச் சேராது. தொட்டி ஒழுகலை அடைத்து, எருவை அள்ளித் தள்ளிப் போட்டு, தரையை மேடாக்கிக் காயவிடுவதே உருப்படியான வேலை. செலவும் குறைவு, மருந்து விற்கிறவர் இதைச் சொல்லமாட்டார்.

பெரும்பாலும் பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரை கடிக்கும். மழைக்காலத்தில் ஈர வயலில் கிடை போடுவது ஆட்டை அதன் வாயில் கொண்டுபோய் விடுவதுதான். மாட்டுத்தொழுவத்தை ஒட்டிப் பட்டி போடுவதும் ஆபத்து: மாடு நோய்க்குறி காட்டாமலே வாரக்கணக்கில் இரத்தத்தில் இந்நோயின் வைரஸைச் சுமக்கும், அதைக் கடித்த பூச்சி ஆட்டுக்குக் கொண்டுவரும்.

நோய் வந்தபின் தடுப்பூசிக்கு ஓடிப் பயனில்லை. இந்தியத் தடுப்பூசி 1, 2, 10, 16, 23 ஆகிய ஐந்து வைரஸ் வகைகளுக்கானது. எதிர்ப்பாற்றல் உருவாக வாரங்கள் ஆகும் என்பதால் மழைக்கு முன்பே போட்டுவிட வேண்டும்.

பூச்சியை ஆராய்பவர்களும் தவறுவதுண்டு. வெளிச்சம் காட்டிப் பூச்சி பிடிக்கும் விளக்குப்பொறியில் காற்றடிக்கும் இரவிலும் நிலா வெளிச்சத்திலும் குறைவாகவே விழும். அதை வைத்துப் பூச்சி இல்லை என்று எழுதிவிடக் கூடாது. இரத்தம் குடித்த வயிறோடு சிக்கிய பூச்சியில் வைரஸ் தெரிந்தால், அது ஆட்டின் இரத்தத்தில் இருந்ததாகவும் இருக்கலாம். இரத்தம் செரித்த பின்னும் வைரஸ் அதன் உடலில் பெருகி உமிழ்நீர்ச் சுரப்பியை எட்டினால்தான் அந்த இனம் நோய்பரப்பி.