உணவுக் கோளாறு: எடை குறையும் முன்பே வீட்டில் தெரியும் அறிகுறிகள்

உணவுக் கோளாறு, அதாவது சாப்பாட்டையும் எடையையும் சுற்றியே மனம் உழலும் மனநோய், என்றாலே எலும்பும் தோலுமான ஒரு பெண்தான் பலர் மனதில் வருகிறாள். அந்த நிலைக்கு வருவதற்குள் பல மாதங்கள் ஓடியிருக்கும். அளவில்லாமல் சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுக்கும் புலிமியாவில் எடை பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். வாந்தி எடுக்காமல், கட்டுப்பாடின்றிச் சாப்பிட மட்டும் செய்பவர்களுக்கு எடை கூடவும் செய்யலாம். அதனால் எடை மெஷினை நம்பாமல் சாப்பாட்டு வேளையைக் கவனியுங்கள்.

இரண்டு வாரம் எதுவும் கேட்காமல் பாருங்கள். இட்லியைப் பொடிப்பொடியாகப் பிய்த்துத் தட்டில் பரப்பி, அரை மணி நேரம் கழித்து முக்கால்வாசியை அப்படியே விட்டுவிட்டு எழுந்திருப்பது. தோசையின் எண்ணெயை டிஷ்யூவில் ஒற்றி எடுப்பது. மற்றவர்களுக்கு ஆசையாகச் சமைத்துப் பரிமாறிவிட்டு, தான் மட்டும் 'அப்புறம் சாப்பிடுறேன்' என்பது. 'ஃபிரெண்டு வீட்லயே சாப்பிட்டுட்டேன்' என்ற பதில் அடிக்கடி வருவது. இதில் ஏதோ ஒன்று இருந்தாலே நோய் என்று முடிவு கட்டாதீர்கள்; பரீட்சை நேரத்தில் பல பிள்ளைகளுக்குப் பசி மந்தமாகும். தனக்கென்று வைத்திருக்கும் விதி ஒருநாள் உடைந்தால் என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியம். சாம்பாரில் ஒரு கரண்டி நெய் விழுந்ததற்கு அழுகை, கோபம், அடுத்த வேளை பட்டினி என்று போனால் அது வெறும் டயட் இல்லை.

நம் வீடுகளில் இதற்குச் சாக்குகள் சுலபமாகக் கிடைக்கின்றன. விரதம் என்றால் யாரும் கேள்வி கேட்பதில்லை. சஷ்டி, ஏகாதசி, சனிக்கிழமை என்று நாட்கள் கூடிக்கொண்டே போய், விரதம் முடிந்த பிறகும் சாப்பாடு பழையபடி திரும்பாவிட்டால் கவனிக்க வேண்டும். அசைவம், பிறகு சோறு, பிறகு எண்ணெய் என்று ஒவ்வொன்றாக நிறுத்துவதும் அப்படித்தான். இன்னொன்று: இந்தியாவில் பலர் 'குண்டாகிவிடுவேன்' என்று சொல்வதே இல்லை. வயிறு உப்புசம், நெஞ்சைக் கரிக்கிறது என்பார்கள். குடல் டாக்டரிடம் போய், எண்டோஸ்கோபி எடுத்து, எல்லாம் நார்மல் என்று திரும்பி வருவதற்குள் காலம் போய்விடும்.

வாந்தி எடுப்பவர்கள் சாப்பிட்ட கையோடு பாத்ரூம் போவார்கள். உள்ளே குழாய் ஓடிக்கொண்டே இருக்கும். பொன்னுக்கு வீங்கி வந்ததுபோல் காதுக்குக் கீழே வீக்கம், விரல் முட்டியில் காய்ப்பு, மேல்வரிசை முன்பற்களின் உட்புறத்தில் தேய்மானம் ஆகியவை இருக்கலாம். பற்களைப் பார்த்து முதலில் சந்தேகப்படுபவர் பல நேரம் பல் டாக்டர்தான். அலமாரியில் ஒளித்த பிஸ்கட் உறைகள், பேதி மாத்திரை அட்டைகளும் கண்ணில் படலாம்.

பட்டினி கிடக்கும் உடம்பு எப்போதும் குளிர்கிறது என்னும், முடி கொட்டும், கையிலும் முதுகிலும் பூனைமுடி முளைக்கும், மாதவிலக்கு தள்ளிப்போகும், நின்றும் போகலாம். ஆனாலும் மாதவிலக்கு ஒழுங்காக வருகிறது என்பதை வைத்து நிம்மதி அடைய வேண்டாம். பையன்களிடம் இது ஜிம், புரோட்டீன் பவுடர் என்ற உருவில் வரும். காய்ச்சலிலும் ஒருநாள் பயிற்சியை விட முடியாமல் தவித்தால் சந்தேகப்படுங்கள்.

பிரிட்டனில் 1999-இல் வெளியான ஸ்காஃப் என்ற ஐந்து கேள்விகள் உதவும். வயிறு தாங்க முடியாமல் நிறைந்ததால் வலிய வாந்தி எடுக்கிறாயா? எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பது கைமீறிப் போனதாகக் கவலைப்படுகிறாயா? மூன்று மாதத்தில் ஆறு கிலோவுக்கு மேல் குறைந்ததா? மற்றவர்கள் ஒல்லி என்றாலும் உனக்குக் குண்டாகத் தெரிகிறதா? சாப்பாட்டு நினைப்புதான் வாழ்க்கையை ஆள்கிறதா? இரண்டுக்கு 'ஆமாம்' வந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். நோய் உறுதியானதாக அதற்குப் பொருள் இல்லை.

பேசும்போது தட்டு முன்னால் இருக்கக் கூடாது. உடம்பைப் பற்றியும் பேசக் கூடாது. 'நல்லா தேறிட்டே' என்ற பாராட்டு, அவர்கள் காதில் 'குண்டாயிட்டே' என்றே விழும். கண்ணால் கண்டதை மட்டும் சொல்லுங்கள்: "ரெண்டு வாரமா ராத்திரி சாப்பிடாம படுத்துக்கிறே. நேத்து தலை சுத்துதுன்னு சொன்னே. எனக்குக் கவலையா இருக்கு, டாக்டரைப் பார்த்துட்டு வந்துருவோம்." பெரும்பாலும் மறுப்புதான் வரும். மறுத்தாலும் அழைத்துப் போங்கள்.

மனநல மருத்துவரோடு பொது மருத்துவரும் பார்க்க வேண்டும். படுத்தபடியும் நின்றபடியும் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ஈசிஜி, ரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பேட், சர்க்கரை ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ரிப்போர்ட் நார்மல் என்பதாலேயே ஆபத்து இல்லை என்று ஆகாது. யாரிடம் போவது என்று புரியாவிட்டால், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ இந்தியாவில் எங்கிருந்தும் இலவசமாக அழைக்கலாம்.

மயக்கம், நெஞ்சுவலி, வாந்தியில் ரத்தம், நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 50-க்குக் கீழே, தண்ணீரும் குடிக்க மறுப்பது, உயிரை விடுவதாகப் பேசுவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. பல நாள் ஏறக்குறைய பட்டினி கிடந்தவருக்கு வீட்டிலேயே திடீரென்று நிறைய ஊட்டிவிடாதீர்கள். ரத்தத்தில் பாஸ்பேட் சட்டென்று இறங்கி இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். எதை, எவ்வளவு, எந்த வேகத்தில் கொடுப்பது என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.